மணல் லோடு மாப்பிள்ளை

ஊரே தண்ணி ஊத்தித் தள்ளிவிட்டதை அள்ளுறது என் தொழில், சொந்தக்காரங்க விசேஷத்துல "என்ன பண்றீங்க?"ன்னு கேட்டா பேச்சை மாத்துற எல்லாருக்கும் என் பாடு புரியும்.

அதுவும் மணல்தான்

புதுச்சேரிச் சாக்கடைத் தண்ணி சுத்திகரிப்பு நிலையத்துக்குள்ள வந்ததும், முதல் தொட்டியில வேகம் குறையும். கனமானதெல்லாம் அடியில தங்கும்: தெருமணல், முட்டை ஓடு, காபித் தூள், தக்காளி விதை. அள்ளாம விட்டா பம்பு தேஞ்சுபோகும். அள்ளி, ஈரம் வடியவிட்டு, குப்பைக் கிடங்குல இதுக்குன்னு வெட்டின குழியில கொட்டி மூடுறது என் காண்ட்ராக்ட். வடியறதுக்கு முன்னாடியே ஏத்தச் சொன்னா சூப்பர்வைசர்னும் பார்க்க மாட்டேன், கத்திடுவேன். ரோட்டுல ஒழுகினா பேச்சு வாங்குறது என் டிப்பர்தானே?

அந்த டிப்பரை ஓட்டுறவன் ஜோசப், முதலியார்பேட்டை. ரெட்டியார்பாளையத்துல ஒரு கொத்தனாரோட மகள் ஸ்டெல்லாவை அவனுக்குப் பேசி முடிச்சாங்க. கல்யாணத்துக்கு முன்னாடி மூணு ஞாயிறு மாதா கோயில்ல கல்யாண அறிவிப்பு ஓலை வாசிப்பாங்க; தடை இருக்குறவங்க சொல்லலாம். முதல் ஓலை முடிஞ்ச மறுநாள் பேயறைஞ்ச மாதிரி வந்து நின்னான். பொண்ணு வீட்ல தொழிலை என்னன்னு சொல்லிவெச்சேன்னு கேட்டேன்.

"மணல் லோடு அடிக்கிறேன்னு சொன்னேண்ணே. பொய் இல்லியே, அதுவும் மணல்தானே?"

மாமனார் கேட்ட ஒரு லோடு

அந்த வாரமே கொத்தனார் என்னைத் தேடி வந்துட்டார். கல்யாணத்துக்குள்ள வீட்டு வாசலை மேடாக்கணுமாம், மருமகன் வண்டியில ஒரு லோடு மணல் வேணுமாம். நம்ம மண்ணுல ஒரு மழை விழுந்தா நாத்தத்துல பந்தல்ல ஒருத்தர் உட்கார முடியாது. இருந்தாலும் ஜோசப் வாயால வரவேண்டியதை நான் எப்படிச் சொல்றது?

வாழ்நாள்ல எதையும் விலை கூட்டிக் கேட்டுத்தான் எனக்குப் பழக்கம். அன்னிக்கு, வாங்க வந்தவரை வாங்காதீங்கன்னு கெஞ்சிப் பேரம் பேசினேன். மணல் வேணாம், செம்மண் தர்றேன், நானே ஆள் வெச்சுப் பரப்பித் தர்றேன்னேன். மனுஷன் மூஞ்சி சிவந்துபோச்சு.

"பொண்ணையே குடுக்கிறேன், நீங்க ஒரு லோடு மணலுக்கு மூக்கால அழுவுறீங்களே மொதலாளி!"

கொத்தனார் கை

ஜோசப் ரெண்டாவது ஓலைக்கு முன்னாடி சொல்லிடுறேன்னான். சொல்லல. அந்த ஓலையும் வாசிச்சாச்சு. செவ்வாய்க்கிழமை காலையில மணல் எங்கதான் போகுதுன்னு பார்க்கக் கொத்தனாரே மொபெட்ல டிப்பர் பின்னாடி, நான் நின்ன கிடங்குக்கு வந்துட்டார். பின் சீட்டுல ஸ்டெல்லா, ஆஸ்பத்திரியில ராத்திரி வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போற வழி.

வண்டி கொட்டி முடிக்கிறதுக்குள்ள அவர் கை குவியலுக்குள்ள போயிடுச்சு. கொத்தனாருங்க மணலை முதல்ல கண்ணால பார்க்க மாட்டாங்க; ஒரு பிடி அள்ளி இறுக்கி, விரிச்சு, உள்ளங்கையில ஒட்டுற சேத்தைப் பார்ப்பாங்க. அவரும் அள்ளினார், இறுக்கினார், விரிச்சார். முட்டை ஓடு. தக்காளி விதை. அப்புறம் வாசனை.

ஜோசப் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். "சாக்கடை மண்ணு மாமா. இதான் என் வேலை"ன்னான்.

கொத்தனார் நீட்டின கையை மடக்கவும் முடியாம, உதறவும் முடியாம நிக்கிறார். எனக்கோ கோபம் தலைக்கேறிடுச்சு. "உங்க வீட்டுத் தண்ணியும் இதுலதான்யா வருது!"ன்னு ஆரம்பிச்சேன். அந்தப் பொண்ணு என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கல. இறங்கிப் போய், தன்னோட தண்ணி பாட்டிலைத் திறந்து அப்பா கையில ஊத்தினா. பையிலேர்ந்து சோப்பு எடுத்து விரல் விரலாத் தேச்சா. அப்புறம் ஜோசப் பக்கம் திரும்பினா.

"நான் பிரசவ வார்டுல தினம் பன்னீரா அள்ளுறேன்? மூணாவது ஓலைக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு வா. இனிமே எங்கிட்ட மணல்னு சொல்லாத."

ஆயிரம் குறை சொன்னாலும் எங்க தொழில்ல ஒரு வசதி உண்டுங்க: மூக்கைப் பொத்தாம பக்கத்துல வந்து நிக்கிறவங்க நிஜமாவே நமக்கு வேண்டியவங்கதான்.