ரேடியேட்டருக்குப் போன ஐஸ்

சில வருடங்களுக்கு முன், ஒரு சித்திரை மாதம். பழவேற்காட்டிலிருந்து மீஞ்சூருக்கு என் மினி லாரியில் நண்டு ஏற்றிக்கொண்டு போனேன். எங்கள் தெருவே சேர்ந்து பிடித்த நண்டு. உயிரோடு போய்ச் சேர்ந்தால்தான் வாங்குகிறவர் எடுப்பார்; செத்தால் வீச வேண்டியதுதான்.

லாரி புதுசு, எஞ்சின் பழசு. மழைத் தண்ணீர் ஏறி சொந்த எஞ்சின் பாழாகிவிட, டச்சுக் கல்லறைக்குப் பின்னால் இருந்த ஷெட்டில் வேறொரு கிழட்டு எஞ்சினைப் பொருத்தினோம். லேசில் உட்கார்ந்ததா அது? உட்காரும் இடம் ஒத்துவராமல் வெட்டி, வெல்டிங் வைத்தோம். ரேடியேட்டர் குழாய் எட்டாமல் இரண்டு துண்டை ஒட்டுப்போட்டோம். சூடு காட்டும் முள் மட்டும் கடைசிவரை அசையவில்லை. "முள்ள நம்பாதண்ணா, நடுவுல நிறுத்தித் தொட்டுப் பாரு" என்று மெக்கானிக் படித்துப் படித்துச் சொன்னான். அவசரத்தில் நான் எங்கே நிறுத்தினேன்!

பாதி வழியில், உப்பங்கழி ஓரம், முன்பக்கம் குபுகுபுவென்று ஆவி. ஒட்டுப்போட்ட குழாய் பிய்ந்து தண்ணீரெல்லாம் கொட்டிவிட்டது. குழாயை டேப் சுற்றிக் கட்டிவிட்டேன். ஊற்றத் தண்ணீர்? பார்க்கிற பக்கமெல்லாம் தண்ணீர்தான், அத்தனையும் உப்பு. ஊற்றினால் எஞ்சின் காலி. சாக்குக்குள் நண்டுகளின் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இறால் கூடையோடு பஸ்ஸுக்கு நின்றிருந்த இரண்டு பெண்கள் கிட்டே வந்தார்கள்.

"இன்னா நைனா, தண்ணி வோணுமா? இந்தா, ஐஸ் கீது" என்று மூத்தவர் கூடையிலிருந்து ஐஸை அள்ளி அள்ளி என் வாளியில் போட்டார். இளையவரும் போட்டார். எஞ்சின் ஆறுவதற்குள் அதுவும் உருகிவிட்டது. ஊற்றினேன், வண்டி கிளம்பியது. காசு நீட்டினேன், வாங்கவில்லை. ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் பறந்தேன்.

மதியம் காலி வண்டியோடு திரும்பினால், அதே இடத்தில் அவர்கள். பஸ் வரவேயில்லையாம். இறால் தலை கறுத்து நாறிவிட்டது. இளையவர் அதைக் கழியில் கொட்டிக்கொண்டிருந்தார். மூத்தவர் என்னைப் பார்த்ததும் கேட்டார்: "நண்டு பொழச்சுதா நைனா?"

"பொழச்சிடுச்சும்மா" என்றேன். அவர்கள் போக வேண்டியதும் மீஞ்சூர்தான். காலையில் என் லாரியில் தாராளமாக இடம் இருந்தது. "ஏறிக்குங்கம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லையே எனக்கு!

இன்று வழியில் யார் கூடையோடு நின்றாலும் ஏற்றிக்கொள்கிறேன். ஆனாலும் அந்தம்மா கேட்டதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசிப்போகிறது.