வெர்லின் வைத்த கறுப்பு அட்டை

என் தம்பி வெர்லினுக்கு ஐம்பத்தேழு வயது. இத்தனை வருடத்தில் அவன் பேசியதையெல்லாம் எழுதிவைத்தால் ஒரு மளிகைச் சீட்டுக்கு முன்னும் பின்னும் தேறும். அமெரிக்காவில், மான்டானாவில் எங்கள் ஊர்ப்பக்கத்து ஆண்கள் யாருமே வாயாடிகள் இல்லைதான். அவர்களே, "உங்க தம்பிக்கு ஏதாவது மனக்கஷ்டமா, நெட்டி?" என்று என்னிடம் கேட்பார்கள். மனக்கஷ்டமெல்லாம் ஒன்றும் கிடையாது. அவன் அப்படித்தான். இருபத்து நாலு வயதில் ஒரு பெண்ணைப் பிடித்திருந்தது. ஒன்றரை வருடம் அவள் வீட்டு வாசல் வழியாக வண்டியில் போனான், வந்தான். அவள் ஒரு தானிய வியாபாரியைக் கல்யாணம் செய்துகொண்டு ஊரை விட்டே போய்விட்டாள். அந்தக் கல்யாணத்துக்கு நாற்காலி ஏற்றி வந்தவனும் இவன்தான்.

பேச்சுதான் வராதே தவிர, உதவி வரும். அதுவும் திருடன் மாதிரி வரும். காலையில் எழுந்து பார்த்தால் வாசல் பனி தள்ளியிருக்கும், தள்ளியவன் இருக்கமாட்டான். யாராவது நன்றி சொல்ல வந்தால், கடன்காரனைக் கண்டவன் போலப் பின்பக்கமாக நழுவுவான். முப்பது வருடமாக டீசல் பிக்கப்புக்குப் பின்னால் நீள டிரெய்லரை மாட்டிக்கொண்டு புல் கட்டும் மாடும் ஏற்றிப் பிழைக்கிறவன். எஞ்சின் இரைச்சலில் காதும் பாதி போய்விட்டது. அதனால் பேசாமலிருக்க அவனுக்கு ஒரு சாக்கு கூடக் கிடைத்தது.

நான் ஊர்க் கூட்டுறவுக் கடையில், வண்டி உதிரிபாகம் விற்கும் கவுன்டரில் இருக்கிறேன். ரேடியேட்டரின் வேலை எஞ்சினைக் குளிர வைப்பது என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். அது பாதி வேலைதான். எஞ்சினை ஒரே சூட்டில் வைத்திருக்க வேண்டும், அதுதான் வேலை. சிலிண்டர்களைச் சுற்றி ஓடும் தண்ணீர் (உறையாதபடி மருந்து கலந்தது, கூலன்ட் என்போம்) சூட்டை வாங்கிக்கொள்கிறது. எஞ்சின் நன்றாகச் சூடாகும்வரை தெர்மோஸ்டாட் என்கிற சின்னக் கதவு மூடியே கிடக்கும். அந்தத் தண்ணீரை ரேடியேட்டர் பக்கம் விடாது. சூடானதும் திறந்துவிடும். தண்ணீர் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் ஓடி, எதிரே வரும் காற்றிடம் சூட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்பும். அந்தக் காற்று போதவில்லை என்றால் பின்னாலுள்ள பெரிய விசிறி வேகம் பிடித்து ஊருக்கே கேட்கும்படி இரையும். வண்டிக்குள் நம் காலுக்கு வரும் ஹீட்டர் சூடும் அதே தண்ணீரில் கொஞ்சத்தைக் கடன் வாங்கித்தான் வருகிறது.

பூஜ்யத்துக்குக் கீழே முப்பது டிகிரியில் இந்தக் கணக்கெல்லாம் தலைகீழாகிவிடும். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தாலும் சூடு ஏறாது. அதனால் குளிர்காலத்தில் வண்டியின் முகத்தை மூடி ஓட்டுவோம். சிலர் முன்பக்கக் கம்பித் தடுப்பான கிரில்லின் மேல் கான்வாஸ் திரை போடுவார்கள், சிலர் ஒரு அட்டையைச் செருகுவார்கள். குளிர் விட்டதும் மறக்காமல் எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

ரோவீனா எங்கள் பக்கத்துப் பண்ணைக்காரி. ஐம்பத்து மூன்று வயது. புருஷன் டேல் இறந்து ஆறு வருடம் ஆகிறது. "வித்துட்டு டவுனுக்குப் போயிடும்மா" என்று ஊரே சொன்னபோது, "மாட்டுக்கு யாரு தீனி போடுவா, நீங்களா?" என்று கேட்டுவிட்டு அறுபது மாடுகளைத் தனியாக வைத்து நடத்துகிறவள். அவளிடம் ஒரு குதிரை உண்டு. பதினைந்து வயதுப் பெட்டை, பழுப்பு நிறம், பெயர் பிஸ்கட். டேல் குட்டியிலிருந்து பழக்கிய குதிரை. ராத்திரி அதற்குத் தண்ணீர் காட்டிவிட்டு, அன்று நடந்ததையெல்லாம் அதனிடம் சொல்லிவிட்டுத்தான் தூங்கப் போவேன் என்று ஒருமுறை அவளே என்னிடம் சொன்னாள். சொல்லிவிட்டு வெட்கப்பட்டாள்.

டிசம்பரில் ஒரு நாள் ரோவீனா என் கவுன்டரில் சாய்ந்து நின்று, "நெட்டி, என் வண்டி ஹீட்டர் செத்துப்போச்சா என்னன்னு தெரியல. தீனி போட்டுட்டு வர்றதுக்குள்ள கால் ரெண்டும் கட்டையாயிடுது. கான்வாஸ் போட்டும் காத்து புகுந்து வருது" என்றாள். மூன்றடி தள்ளி வெர்லின் காபி குடித்துக்கொண்டிருந்தான். காது கேட்காது என்று பெயர். இது மட்டும் எப்படியோ கேட்டிருக்கிறது.

அந்த வாரம் சர்ச் விருந்தில் எல்லோரும் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது இவன் வெளியே போய் அவளுடைய பிக்கப்பின் பானட்டைத் திறந்திருக்கிறான். எங்கள் ஊரில் யார் வண்டியைப் பூட்டுகிறார்கள்? கிரில்லுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே, அளவெடுத்தாற்போல் வெட்டிய அட்டை ஒன்றை மேலிருந்து இறக்கிச் செருகிவிட்டான். அதோடு விட்டானா? வெளியிலிருந்து பார்த்தால் தெரியக்கூடாது என்று அட்டைக்குக் கறுப்புப் பெயின்ட் வேறு அடித்திருக்கிறான். விருந்தில் அவன் விரலில் பெயின்ட் ஒட்டியிருந்ததை நான் பார்த்தேன். "கையக் கழுவிட்டு ரொட்டியத் தொடுடா" என்றேனே தவிர, வேறெதுவும் தோன்றவில்லை.

அடுத்த வாரம் ரோவீனா வந்து, "வண்டிக்குத் திடீர்னு புத்தி வந்துடுச்சு! உள்ள கோட்டைக் கழட்டிட்டு ஓட்டுறேன்" என்றாள். வெர்லின் காபிக் கோப்பைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தான். ஒரு மாதம் அவன் அவ்வளவு சந்தோஷமாக இருந்தான். ஏன் என்று தெரியாமலே எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

ஜனவரி கடைசியில் ஒரே ராத்திரியில் சினூக் காற்று அடித்தது. மலையிலிருந்து இறங்கும் அந்தச் சூடான காற்று வந்தால், முதல் நாள் மூக்கு உறைந்த இடத்தில் மறுநாள் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டும். அட்டையை எடுக்க வேண்டும் என்று வெர்லினுக்கு ஞாபகம் இல்லாமல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் சர்ச்சுக்குள் இருக்கும்போது எடுத்துக்கொள்ளலாம், அதுவரை தீனி போட மெதுவாகத்தானே ஓட்டுவாள் என்று நினைத்திருக்கிறான். அது வியாழக்கிழமை.

அன்று காலை ஒன்பதரைக்கு வெர்லின் என் கவுன்டரில் நின்றுகொண்டிருந்தபோது அவன் போன் அடித்தது. காது கேட்காததால் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவான். ரோவீனாவின் குரல் காற்றில் அலைந்து அலைந்து வந்தது.

"வெர்லின், நான் மலை ஏத்தத்துல நிக்கிறேன். பிஸ்கட்டுக்குக் கொடல் முறுக்கிக்கிச்சு. டாக்டர் வந்து ஊசி போட்டுட்டு, உடனே ஆபரேஷன் பண்ணணும், மலைக்கு அந்தப் பக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ, மத்தியானத்தத் தாண்டினா கஷ்டம்னுட்டார். டிரெய்லர்ல ஏத்திக்கிட்டு வந்தேன். பாதி ஏத்தத்துல சூட்டு முள்ளு செவப்புக்குப் போயிடுச்சு. எஞ்சின் இழுக்கவே மாட்டேங்குது."

"எஞ்சின் ஓடுதா?" என்றான் வெர்லின்.

"ஓடுது. கொதிக்கிற எஞ்சின அணைச்சா தண்ணி ஓட்டம் நின்னு இன்னும் கொதிக்கும்னு தெரியாத பச்சப்புள்ளையா நான்? கான்வாஸக் கெளம்பறப்பவே கழட்டிட்டேன். கண்ணாடியெல்லாம் எறக்கி ஹீட்டர முழுசாத் திருப்பிட்டேன். தண்ணி அளவு சரியா இருக்கு, பெல்ட் இருக்கு, ஓஸ் பைப்பு எதுவும் கிழியல. விசிறி கெடந்து கத்துது. எனக்கு ஒண்ணும் புரியல, வெர்லின்."

அவள் பேச்சுக்கு நடுவே தடாம் தடாம் என்று தகரத்தை உதைக்கும் சத்தம் கேட்டது. டிரெய்லருக்குள் பிஸ்கட்.

எனக்கும் ஒன்றும் புரியவில்லை. தண்ணீர் இருக்கிறது, பம்ப் ஓடுகிறது, விசிறி சுற்றுகிறது; பிறகு எப்படிக் கொதிக்கும்? தெர்மோஸ்டாட் மூடிக்கொண்டதோ என்று நான் யோசித்துக்கொண்டே தம்பியைப் பார்த்தேன். அவன் முகத்தில் ரத்தமே இல்லை. வாயைத் திறந்தான், மூடினான். சாவியைக் கையில் எடுத்தான்.

"நான் வர்றேன்" என்றான்.

"நீ வந்து சேர ஒரு மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் இவ தாங்கமாட்டா!" முதல் முறையாக ரோவீனாவின் குரல் உடைந்தது. டேலை அடக்கம் செய்த அன்றைக்குக்கூட நான் அந்தக் குரலைக் கேட்டதில்லை.

வெர்லின் சாவியைப் பிடித்தபடி நின்றான். அவனுக்குத் தெரிந்த எதையோ மென்று விழுங்குகிறான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கவுன்டரில் ஓங்கி ஒரு அடி அடித்தேன்.

"டேய், தெரிஞ்சா வாயத் தொறந்து சொல்லித் தொலையேன்டா! வாயில என்ன கொழுக்கட்டையா?"

அவன் கண்ணை மூடிக்கொண்டான். "ரோவீனா. பானட்டத் தூக்கு. கிரில்லுக்குப் பின்னால, மேல இடது ஓரத்துல கைய விடு. கறுப்பா ஒரு அட்டை இருக்கும். கையுறை போட்டுக்க, சூடா இருக்கும். மேல இழு."

காற்று மட்டும் கேட்டது. பிறகு அட்டை உரசும் சத்தம்.

"இது எப்படி இங்க வந்துச்சு?"

"நான்தான் வெச்சேன்."

தகரம் மறுபடி உதைபட்டது.

"பெயின்ட் வேற அடிச்சிருக்க" என்றாள்.

"ஆமா. இப்ப அத விடு. எஞ்சின அணைக்காத, ஆக்ஸிலேட்டர லேசா மிதிச்சுப் பிடி. விசிறிக்கு இப்ப காத்து கெடைக்கும். முள்ளு நடுவுக்கு வந்ததும் கெளம்பு. கீழ் கியர்லயே போ. ஹீட்டர உச்சிக்குப் போற வரைக்கும் கொறைக்காத."

அவன் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. இந்த முனையில் நாங்கள் நிமிடங்களை எண்ணினோம். ஏழு நிமிடத்தில் விசிறியின் கத்தல் தணிந்தது. "முள்ளு எறங்கிடுச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் போனை வைத்துவிட்டாள்.

வெர்லின் எல்லாவற்றையும் என்னிடம் சொன்னான். நான் திட்டிய திட்டில் கடைக்கு வந்த இரண்டு பேர் திரும்பிப் போய்விட்டார்கள். ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்தால் உன் கிரீடம் கழன்று விழுமா என்றேன். அவள் குதிரை செத்தால் என்ன செய்வாய் என்றேன். அதைச் சொல்லியிருக்கக்கூடாது. அவன் டப்பாக்களுக்கு நடுவே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, கையுறையைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தான். அவ்வளவு கோபத்திலும் அவனைக் கட்டிப்பிடித்து அழவேண்டும் போல இருந்தது எனக்கு. சின்ன வயதிலிருந்தே அவன் மேல் எனக்கு இந்த இரண்டும் சேர்ந்தேதான் வரும்.

மூன்று நாள் எந்தச் சேதியும் இல்லை. அவனாகக் கூப்பிட்டுக் கேட்கவும் மாட்டான். என்னையும் கேட்க விடவில்லை. அவனுக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவன் சர்ச்சுக்கும் வரவில்லை.

திங்கட்கிழமை குளிர் திரும்பிவிட்டது. பதினொரு மணிக்கு ரோவீனாவின் பிக்கப் கடை வாசலில் வந்து நின்றது. அந்தக் குளிரில் எல்லோரும் செய்வதுபோல, எஞ்சினை ஓடவிட்டுவிட்டுத்தான் இறங்கினாள். இரண்டு நிமிட வேலைக்கு வருகிறவர்கள் யாரும் டீசலை அணைப்பதில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு வந்து நேராக வெர்லின் முன்னால் நின்றாள்.

"பொழச்சுட்டா" என்றாள். "இன்னும் அரை மணி நேரம் போயிருந்தா பொழச்சிருக்கமாட்டான்னு சொன்னாங்க."

வெர்லின் தலையை ஆட்டினான். கண்ணைத் துடைத்துக்கொண்டதை மறைக்க மூக்கைத் துடைத்தான்.

"சொல்லு. வேற என்னென்ன பண்ணியிருக்க?"

"வேறயா?"

"அட்டையோட நிறுத்தியிருக்கமாட்ட. ஆறு வருஷத்துக்கும் சொல்லு."

அவன் என்னைப் பார்த்தான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"பேட்டரி" என்றான். "போன வருஷம் மாத்தினேன்."

"அது பழைய பேட்டரிதான?"

"பழைய ஸ்டிக்கர உரிச்சு அதுல ஒட்டிட்டேன்."

நான் இருமினேன்.

"பொகைபோக்கி. நீ தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தப்ப சுத்தம் பண்ணேன். கூலன்ட், ரெண்டு தடவ மாத்தியிருக்கேன். மேற்கு வேலி…"

"அந்த வேலி நான் போட்டது!"

"நீ போட்டதுதான். நாலு கம்பத்த மட்டும் ஆழமா எறக்குனேன்." தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "டேலோட கல்லறைக்குப் போற வழியில பனி தள்ளுவேன். நீ சனிக்கெழமைல போவியே, வழுக்குமேன்னு."

ரோவீனா கவுன்டரைப் பிடித்துக்கொண்டாள். "நான் தனியா சமாளிக்கிறேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன், வெர்லின். ஆறு வருஷமா அந்த ஒரு நெனப்புலதான் தெனம் காலைல எந்திரிக்கிறேன். நீ பாட்டுக்கு அதையும் எடுத்துட்ட."

அவளுக்குக் கோபம் மட்டும் இல்லை, காயமும்கூட என்று எனக்குப் புரிந்தது. நான் அவன் பக்கத்தை மட்டுமே யோசித்துக்கொண்டிருந்திருக்கிறேன். அது எனக்கே வெட்கமாக இருந்தது.

"ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டா வேணாம்னு சொல்லியிருப்ப."

"சொல்லியிருப்பேன்."

"அதான்."

"வேணாம்னு சொல்ற உரிமை எனக்கு இருக்கில்ல?"

"இருக்கு" என்றான். இந்த இடத்தில்தான் அவன் எப்போதும் பின்பக்கமாக நழுவுவான். கதவும் பக்கத்தில்தான் இருந்தது. ஆனால் நகரவில்லை. தொப்பியைக் கழற்றி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். உதடு அசைந்தது, சத்தம் கொஞ்சம் கழித்துத்தான் வந்தது.

"இனிமே கதவத் தட்டுறேன். தட்டினா… தெறப்பியா, ரோவீனா?"

அவனையே பார்த்தாள். பிறகு திரும்பி, கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டாள். என் தம்பி தலை குனிந்து தொப்பியைப் பார்த்துக்கொண்டு நின்றான். வண்டி கிளம்பும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன்.

எஞ்சின் நின்றது.

ரோவீனா மறுபடி உள்ளே வந்து, கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, அவனுக்குப் பக்கத்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "காபி இருக்கா, நெட்டி?" என்று கேட்டாள்.