நாரைக் குஞ்சுகளும் மகனின் லீவும்

எங்கள் ஊரில் கண்மாய் அழிப்பது என்றால் பயந்துவிட வேண்டாம். பங்குனியில் தண்ணீர் முழங்காலளவு வற்றியதும் ஊரே இறங்கி மீன் பிடிக்கும், அவ்வளவுதான். ஆனால் கண்மாய்க்குள் நிற்கும் கருவேல மரங்களில் நாரைக் குஞ்சுகள் பறந்த பிறகே நாள் குறிப்பார்கள். கரையோரம் இருப்பது என் வீடு ஒன்றுதான். அதனால் பறந்தாச்சா என்று என்னைத்தான் கேட்பார்கள்.

மனைவி இறந்தபின் எனக்கு அந்த நாள்தான் திருவிழா. ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கும் மகன் தீபாவளிக்கு மாமனார் வீட்டுக்குப் போய்விடுவான். மீன்பிடிக்கு மட்டும் குடும்பத்தோடு இங்கே வந்து இறங்குவான்.

ஐப்பசி மழை இப்போதெல்லாம் தன் இஷ்டத்துக்கு வருகிறது. போன தடவை கார்த்திகை கழிந்துதான் கண்மாயில் தண்ணீரைப் பார்த்தோம். கார்த்திகையிலேயே கூடு கட்ட வேண்டிய நாரைகள் மார்கழிக் கடைசியில் வந்து சுள்ளி பொறுக்கின. அவற்றைத் திட்டி என்ன செய்ய? மகனோ வழக்கம்போலப் பங்குனிக் கடைசிக்கு லீவு சொல்லி டிக்கெட்டும் எடுத்துவிட்டான்.

ஊர்த் தலைவர் வந்தார். எனக்கு மச்சான் முறை.

"என்ன மச்சான், குஞ்சுக பறந்துருச்சா? வெயிலு கொல்லுது. மீனு செத்து மெதக்கப் போகுது."

ஆமாம் என்று சொல்ல எவ்வளவு ஆசையாக இருந்தது! யாரும் மரமேறிப் பார்க்கப் போவதில்லை. அண்ணாந்து பார்த்தேன். தாய் நாரை சிறகை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் கொடுத்துக்கொண்டு நின்றது. சனம் இறங்கினால் அது எழும்பிவிடும். குஞ்சுகள் வெயிலில் கருகிவிடும்.

"இன்னும் ஒரு மாசம் ஆகும்" என்றேன்.

"ஒம்ம மகன் வாராருல்ல?"

"அதுக்கு அதுக என்ன செய்யும்?"

மகனால் லீவை மாற்ற முடியவில்லை. டிக்கெட்டை ரத்து செய்தான். அன்று முழுக்க எனக்கு மழை மேல் கோபம், நாரை மேல் கோபம், என் வாய் மேலும் கோபம்.

சித்திரைக் கடைசியில் குஞ்சுகள் பறந்தன. கண்மாய் அழித்தார்கள். பாதி மீன் ஏற்கெனவே செத்திருந்தது. என்னை ஏசிக்கொண்டே மீதியைப் பிடித்தார்கள். நான் கரையில் நின்றேன். சேர்ந்து இறங்க எனக்கு ஆளில்லை.

சாயங்காலம் மகன் போன் செய்தான்.

"அடுத்த வருசம் எந்தத் தேதிக்குப்பா லீவு போட? இப்பவே சொன்னாத்தான் கெடைக்கும்."

முன்பெல்லாம் காலண்டரைப் பார்க்காமலே சொல்லிவிடுவேன்.

"தெரியலையேப்பா" என்றேன்.