நல்லெண்ணெய்

ஊரை விட்டு வந்து வெளிநாட்டில், மல்வேர்னில் தனியே இருக்கும் நான், முழங்கால் நோவுக்கு ஆமணக்கெண்ணெய் சூடாக்கும்போதெல்லாம், உலகப்போர் முடிந்த வருடம் திருகோணமலை முகாமுக்குப் பின்னால் இருந்த பந்தயத் தடம் மணக்கும். அங்கே பிரிட்டிஷ் சிப்பாய்கள் பிரேக் இல்லாத மோட்டார் சைக்கிள்களைச் சரித்துச் சரித்து, கரித்தூள் பறக்க, மாலை முழுதும் இடப்பக்கமாகவே சுற்றிப் பழகுவார்கள். எஞ்சினுக்கு ஆமணக்கெண்ணெய்தான்; வேறெண்ணெய் ஊற்றினால் சூட்டில் இறுகிவிடும் என்று டொம் எனக்குச் சொல்லியிருந்தார்.

அந்தச் சிப்பாய்களில் பத்தொன்பது வயது டொம்தான், சிறுவனான எனக்கிருந்த ஒரே சிநேகிதர். இங்கிலாந்தின் மோட்டார் சைக்கிள் பந்தய லீக் அணியொன்றுக்கு இளைஞர்களைத் தேடிய அதிகாரி ஒருவர் சனிக்கிழமை ஓட்டம் பார்க்கவிருந்தார். தேறினால் டொம் உடனே கப்பலேறிவிடுவார். எண்ணெய் வாங்க என்னைத்தான் அனுப்பினார்.

"ஆமணக்கெண்ணெயோ? வெள்ளைக்காரருக்கும் பேதியோடா?" என்று கடைக்காரர் சிரித்தார்.

"வேண்டாம் அண்ணை, நல்லெண்ணெய் தாங்கோ" என்றேன்.

டொம் போத்தலை வாங்கி, முகாமில் பழகிய தமிழில், "நல்ல எண்ணெயா, தம்பி?" என்று கேட்டார்.

"ஓம் சேர், நல்லெண்ணெய்."

சனிக்கிழமை இரண்டாம் வளைவிலேயே எஞ்சின் இறுகி நின்றது. அதிகாரி பட்டியலில் டொம்மின் பெயரை வெட்டினார். நான் பயத்தில் அழுதேன். டொம் வந்து பக்கத்தில் குந்தி, "கிழட்டு எஞ்சின், தம்பி. அழாதே" என்றார்.

தனக்காக அழுகிறேன் என்று நினைத்திருக்கிறார். அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.