லூர்தம்மா தெரிந்து கொடுத்த ஸ்கூட்டி

லூர்தம்மாவுக்கு எரிச்சல், அடுத்தவர்மேல் பொறாமை உண்டு என்று எங்கள் பேசாலையில் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். திறந்தால் அவளுடைய வாயிலிருந்து தப்பி வீடு போய்ச் சேர முடியாது. பக்கத்து வளவுக்காரி என்ற உரிமையில் நான் சொல்கிறேன்: இருந்தது. நாலு பேருக்குப் பங்கு போட்டாலும் மிஞ்சுகிற அளவுக்கு இருந்தது. இந்தக் கதையில் நான் பார்க்காதவற்றை அவளும் றொசானாவும் தனித்தனியே வந்து என்னிடம் கொட்டியிருக்கிறார்கள். ஆகவே பொய்யில்லை.

எங்கள் பகுதியில் கியர் பைக் ஓடுகிற பெண் லூர்தம்மா ஒருத்திதான். தம்பி றொகான் பிரான்சுக்குப் போகும்போது பைக்கை அவளுடைய முற்றத்தில் விட்டுவிட்டுப் போனான். ஓடாமல் நின்றால் உப்புக்காற்றில் கறள் பிடித்துவிடும் என்று ஓடத் தொடங்கியவள், பிறகு இறங்கவே இல்லை. எண்ணெய் மாற்றுவது, செயினை இறுக்குவது, பிளக்கைக் கழற்றித் துடைப்பது எல்லாம் அவளே. ஊரில் யாராவது பைக் எடுப்பதென்றால் ஆம்பிளைகள்கூட, "ஒருக்கா லூர்தம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டு" என்பார்கள். அவளும் நிமிர்ந்துகொண்டு போவாள்.

மன்னார்த் தீவைப் பெருநிலத்தோடு சேர்க்கிற பாலத்துக்கு அப்பால், திருக்கேதீஸ்வரம் போகிற பக்கத்தில் ஒரு நண்டுக் கொம்பனி இருக்கிறது. அவித்த நண்டின் சதையைப் பிரித்தெடுக்கிற வேலை அவளுக்கு. அதே வேலைக்குப் போகிற றொசானா பின்சீற்றில் இருப்பாள். லூர்தம்மாவைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவள். புருசன் றொசாந்தன் கட்டாரில் வேலை. ஆறு வருசமாக இரண்டு பேரும் ஒரே பைக்கில்தான் போய் வந்தார்கள்.

லூர்தம்மாவின் புருசன் சிங்கராசா பொழுதுபடக் கடலுக்குப் போய் விடியக் கரைக்கு வருகிறவர். அவர் வந்து படுக்க இவள் வெளிக்கிட்டுவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும்போதுதான் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் வெளிச்சத்தில் பார்ப்பார்கள். பிள்ளைகளும் இல்லை. பேச்சென்று அவளுக்கு இருந்தது அந்த ரோட்டில் மட்டும்தான். ஹெல்மெற்றோடு ஹெல்மெற் முட்ட றொசானா எட்டிக் கத்திக் கத்தி ஊர்க்கதை முழுதும் சொல்லுவாள். இவள் முன்னால் பார்த்தபடியே சிரிப்பாள், திட்டுவாள், எதிர்க்கதை சொல்லுவாள். கொம்பனி வாசல் வந்ததும் முகத்தைப் பழையபடி உம்மென்று வைத்துக்கொள்வாள்.

எருக்கலம்பிட்டிச் சந்தியில் றிம்ஷா பஸ்ஸுக்கு நிற்பாள். றொசானாவின் மேசையிலேயே வேலை செய்கிற பிள்ளை. பைக் கடக்கும்போது றொசானா அவளுக்குக் கை காட்டுவாள். அந்தக் கை பக்கக் கண்ணாடியில் தெரிவது லூர்தம்மாவுக்குத் துப்புரவாகப் பிடிக்காது.

"கையை ஆட்டாத பிள்ளை, பைக் ஆடுது" என்பாள். பைக் ஆடியதே இல்லை.

ஒருநாள் பாலத்தில் போகும்போது றொசானா காதுக்குள் கத்தினாள்.

"அக்கா, றொசாந்தன் எனக்கொரு பைக் எடுக்கச் சொல்றார். ஓடப் பழக மன்னாரில லேனர்சுக்குப் பதிஞ்சிட்டன்."

"உனக்கென்னத்துக்குப் பைக்? நான் ஏத்திக்கொண்டு போறன்தானே."

"பிள்ளைய ரியூசனுக்கு விடவேணும். எத்தினை நாளைக்கு உங்களுக்குப் பாரமாக் கிடக்கிறது? நீங்கதான் பைக் பாத்துத் தரவேணும். எனக்கு ஒண்டும் தெரியாது."

பாரமாம். அந்தச் சொல் லூர்தம்மாவுக்குச் சுருக்கென்று குத்தியது. ஆனால் பார்த்துத் தரமாட்டேன் என்று எப்படிச் சொல்வது? ஊருக்கே பார்த்துக் கொடுக்கிறவள் அல்லவா! "ஓம், பாப்பம்" என்றாள். மனதுக்குள் அன்றைக்கே ஒரு முடிவு எடுத்துவிட்டாள். பார்ப்பாள், நன்றாகத்தான் பார்ப்பாள், ஆனால் ஒன்றையும் எடுக்க விடமாட்டாள்.

அதற்குப் பொய் சொல்லவும் தேவைப்படவில்லை. விற்பனைக்கு வருகிற பைக்கில் குறைக்கா பஞ்சம்? முதலில் தாழ்வுபாட்டுக் கடற்கரையில் ஒரு ஸ்கூட்டி. மேலே பூச்சு கண்ணைப் பறித்தது. லூர்தம்மா நிலத்தில் குந்தி, கொண்டை ஊசியைக் கழற்றிக் கீழ்ப்பக்கம் குத்தினாள். தகடு பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. "மீன்பெட்டி ஏத்தின பைக். உப்புத்தண்ணி தின்னாத இடமில்லை" என்றாள். விற்க வந்தவன் தலையைக் குனிந்துகொண்டான்.

கடற்கரைப் பைக் வேண்டாம், உள்நாட்டுப் பைக் பார்ப்போம் என்று றொசானா பெரியமடுவரை கூட்டிக்கொண்டு போனாள். வயல்காரர் ஒருவருடையது. உப்பே படாத பைக், ஆனால் உயரம். ஏறி இருந்த றொசானாவின் கால் விரல் நுனிதான் நிலத்தில் முட்டியது. "புதுசா ஓடுறவளுக்கு ரெண்டு பாதமும் முழுசா நிலத்தில படவேணும். நிப்பாட்டேக்க சரிஞ்சால் தூக்க ஏலுமே உன்னால?" உண்மைதான். பிறகு மன்னார் ரவுன் கடையில் புத்தம் புதிய ஸ்கூட்டி ஒன்று. "சோளகக் காத்துக்குப் பாலத்தில இது நிக்குமே? பாரமில்லாதது. காத்து உன்னையும் சேர்த்துக் கொண்டுபோய்க் கடலுக்குள்ள போட்டிடும்." அதிலும் பாதிக்குமேல் உண்மை.

றொசானா தலையாட்டினாள். லைசன்சும் வந்துவிட்டது, பைக் மட்டும் வரவில்லை. காலையில் வழமைபோலப் பின்சீற்றில் ஏறுவாள். லூர்தம்மாவின் முகத்தில் அந்த நாட்களில் இருந்த செழிப்பைப் பார்த்து, "என்ன, ஏதும் விசேசமோ?" என்று நானே கேட்டிருக்கிறேன்.

பிறகு டிலக்சனாவின் ஸ்கூட்டி வந்தது. டிலக்சனா மன்னார் ஆஸ்பத்திரியில் தாதி. இடமாற்றம் கிடைத்து வவுனியாவுக்குப் போகிறவள். ஸ்கூட்டி அவளுடைய வீட்டுக் கொட்டிலுக்குள் சீலை போர்த்தி நின்றது. லூர்தம்மா குந்திப் பார்த்தாள், ஊசியால் குத்திப் பார்த்தாள். ஊசிதான் வளைந்தது. எண்ணெய் சுத்தம், ரயர் நல்லது. றொசானா ஏறி இருந்தாள். இரண்டு பாதமும் நிலத்தில் பொருத்தமாகப் படிந்தன. பாரமும் அளவு.

"ஒருக்கா ஓடிப் பாக்கிறன்" என்றாள் லூர்தம்மா. ஓடினால் ஏதாவது அகப்படும் என்ற நம்பிக்கை. றொசானா பின்னால் ஏறினாள்.

பாலம் தாண்டித் தள்ளாடிச் சந்திவரை போனார்கள். சோளகம் வீசிக்கொண்டிருந்தது. ஸ்கூட்டி அசையவில்லை. திரும்பி வரும்போது கழுதை ஒன்று சடாரென்று குறுக்கே வந்தது. பிரேக் பிடித்தாள். ஒரு முழம்கூட வழுக்காமல் நின்றது. கழுதை அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தன்பாட்டில் போனது. இப்படி ஒரு சாமானில் தன் வாழ்நாளில் ஏறியதில்லை என்று லூர்தம்மாவுக்குத் தெரிந்தது. இது தனக்கில்லை, பின்னால் இருக்கிறவளுக்கு என்பதும் தெரிந்தது. போகப்போகிறவளும் இவள், கிடைக்கப்போகிறதும் இவளுக்கு!

கொட்டில் வாசலில் இறங்கி ஹெல்மெற்றைக் கழற்றினாள்.

"பின் பிரேக் பிடிக்குதில்லை. வேண்டாம் பிள்ளை."

டிலக்சனா ஸ்கூட்டியின் பதிவுப் புத்தகம் எடுக்க உள்ளே போயிருந்தாள். றொசானா குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

"கழுதை வந்த இடத்தில பிடிச்சதுதானே அக்கா."

"அது முன் பிரேக்."

"மற்ற மூண்டுக்கும் நீங்க சொன்னது உண்மை. அதால நானும் பேசாமல் இருந்தனான். இண்டைக்குச் சொல்றது பொய்."

"நான் பொய் சொல்றனெண்டு உனக்கு ஆர் சொன்னது?"

"உங்கட முதுகு. ஆறு வருசமா அதைத்தானே பாத்துக்கொண்டு வாறன். உங்களுக்குக் கோவமெண்டா இடப்பக்கத் தோள் ஏறும், கவலையெண்டா கூனும். இதில ஏறின உடனே அப்பிடியே இளகிப் போச்சு. சின்னப்பிள்ளை மாதிரி ஓடினீங்க."

லூர்தம்மா கழற்றிய ஹெல்மெற்றைத் திரும்பவும் தலையில் மாட்டிக்கொண்டாள். முகத்தில் ஒன்றையும் காட்டாமல் இருக்கத்தான் அவள் பழகியிருந்தாள். முதுகைப் பற்றி அவள் யோசித்ததே இல்லை.

ஸ்கூட்டியை றொசானா எடுத்தாள். அடுத்த ஞாயிறு மடு மாதா கோயிலுக்குக் கொண்டுபோய்ச் சுவாமியாரிடம் மந்திரித்துக்கொண்டு வந்தாள். "வாங்கோ அக்கா, பின்னால ஏறுங்கோ" என்று போகுமுன் வாசலில் வந்து நின்று கேட்டாள்தான். லூர்தம்மா தலையிடி என்று கதவைச் சாத்திக்கொண்டாள். அன்று முழுதும் சட்டிபானைகளைப் போட்டு உருட்டியது என் குசினிவரை கேட்டது.

திங்கட்கிழமை அவள் வேண்டுமென்றே நேரத்தோடு வெளிக்கிட்டாள். தனியாக ஓடும்போது பைக் பாரமில்லாமல் துள்ளியது. கதை சொல்ல ஆளில்லாமல் காதுக்குள் காற்று மட்டும் இரைந்தது. பாலத்தடியில் பக்கக் கண்ணாடியைப் பார்த்தாள். டிலக்சனாவின் ஸ்கூட்டி, இல்லை, றொசானாவின் ஸ்கூட்டி வந்துகொண்டிருந்தது. பின்சீற்றில் றிம்ஷா. ஹெல்மெற்றோடு ஹெல்மெற் முட்ட எதையோ சொல்ல, றொசானா விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டு வந்தாள். தன் காதுக்குச் சொன்ன கதையெல்லாம் இனி அவளுடைய காதுக்கா என்று லூர்தம்மாவுக்குப் பொறுக்கவில்லை. முறுக்கிக்கொண்டு போய்விடுவோம் என்று கையை வைத்தவள், இன்னொரு தரம் பார்த்தாள். பாலத்தில் ஏறியதும் வலப்பக்கத்திலிருந்து சோளகம் அறைந்தது. சிரிப்பு நின்றுபோய், புது ஓட்டக்காரி ஹாண்டிலை இறுக்கிப் பிடித்தபடி ரோட்டின் ஓரத்துக்கு இழுபட்டுக்கொண்டிருந்தாள். ஓரத்துக்கு அப்பால் கடல்.

லூர்தம்மா வேகத்தைக் குறைத்தாள். ஸ்கூட்டியை முன்னே விட்டு அதன் வலப்பக்கம் வந்து, காற்றுக்கும் அவர்களுக்கும் நடுவில் ஓட்டினாள். ஸ்கூட்டி நேரானது. தான் மறைக்கிற காற்று றிம்ஷாவுக்கும் சேர்த்துத்தானே மறைகிறது என்று அப்போதும் அவளுக்கு எரிச்சல். நடு ரோட்டில் போகிறாளே என்று பின்னால் வந்த பஸ் விடாமல் ஹோர்ன் அடித்தது. அந்த பஸ்ஸில்தான் நான் இருந்தேன்.

றொசானா இந்தப் பக்கம் திரும்பி ஏதோ கத்தினாள். காற்றில் கேட்கவில்லை.

"என்ன?" என்று கத்தினாள் லூர்தம்மா.

றிம்ஷா அதை வாங்கிச் சத்தமாகச் சொன்னாள். "அக்கா! நல்ல ஸ்கூட்டியாப் பாத்துத் தெரிஞ்சு தந்தீங்களாம்! கொம்பனி முழுக்கச் சொல்லப் போறாவாம்!"

லூர்தம்மா கண்ணை ரோட்டில் வைத்தபடியே கத்தினாள்.

"பின் பிரேக்கைப் பாத்துப் பிடிக்கச் சொல்லு!"

ஹாண்டில் ஆட ஆட றொசானா மறுபடி சிரித்தாள். லூர்தம்மாவின் இடப்பக்கத் தோள் இறங்குவதை அவள் பார்த்திருப்பாள். அதில் சிரிக்க என்ன இருக்கிறதென்று றிம்ஷா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள், அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கொம்பனி போய்ச் சேரும்வரை லூர்தம்மாவுக்கு அது போதுமாக இருந்தது.