எத்தனை பவர் என்று கேட்காதீர்கள்

சாரல் மேகம் கவிந்து கிடக்கும் தென்காசியில் தொலைநோக்கி விற்பதும் குற்றாலத்து அருவிக்கரையில் குடை விற்பதும் ஏறக்குறைய ஒரே தொழில். இரண்டாவதை நான் செய்து பார்த்ததில்லை. முதலாவதை விடாமல் செய்துகொண்டிருக்கிறேன்.

சோறு போடுவது மூக்குக்கண்ணாடி வியாபாரம்தான். கடைக்குள் நுழைந்ததும் பிரேம்கள். அதைத் தாண்டிச் சுவரோரமாக ஓர் அலமாரி நிறையத் தொலைநோக்கிகள். கடையைச் சரிபாதியாகத் தாங்குகிறவள் கடையநல்லூர் ரஹ்மத். லென்ஸ் வெட்டுவது, பிரேமில் பொருத்துவது எல்லாம் அவள் கை. பேசுவதும், பேசியே ஆட்களை விரட்டுவதும் என் வாய் என்பாள். கேட்டதை எடுத்துக் கொடுத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகும் வரம் வாய்க்காத கடைக்காரர்கள் உங்களில் யாராவது இருந்தால், இப்படி வந்து உட்காருங்கள். நாமெல்லாம் ஒரே கட்சி.

அறுநூறு பவர்

மேலகரத்திலிருந்து வந்த அந்த அண்ணாச்சி தாலுகா அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். உட்காரும் முன்பே கேட்டார்: "அறுநூறு பவர்ல ஒண்ணு எடும்மா." அலமாரியைத் திறக்காமல் பாடத்தைத் திறந்தேன். பவர் என்பது கண் வைக்கும் பக்கத்தில் இருக்கும் சின்ன லென்ஸை மாற்றினால் ஏறிவிடும். முக்கியம் அது இல்லை, முன்பக்கத்து வாய் எவ்வளவு அகலம் என்பதுதான். சாரலில் ஒரு டம்ளரையும் ஒரு குண்டானையும் வைத்தால் எதில் அதிகம் தண்ணீர் சேரும்? வெளிச்சமும் அப்படித்தான். டம்ளர் அளவு வெளிச்சத்தை அறுநூறு மடங்கு இழுத்தால் கலங்கல்தான் மிஞ்சும்.

அவர் நம்பவில்லை. சாயங்காலம் ஆறரை மணி, கடை வாசலுக்கு நேர் மேலே அரை நிலா. சின்னத் தொலைநோக்கி ஒன்றை வெளியே வைத்து, நாற்பது மடங்கில் காட்டினேன். பள்ளங்கள் கத்தியால் வெட்டினதுபோலத் தெரிந்தன. பிறகு அவர் கேட்ட பவருக்கு ஏற்றினேன். நிலா இருந்த இடத்தில் ஊறின அப்பளம் மாதிரி என்னமோ நடுங்கியது. "முதலில் ஒரு பைனாகுலர் வாங்குங்க அண்ணாச்சி. பத்து மடங்கு, ஐம்பது மில்லிமீட்டர் வாய். வானம் பார்க்கிற ஆட்கள் வீட்டில் தொலைநோக்கி இருக்குதோ இல்லையோ, அது இருக்கும். மேகம் விலகுகிற அஞ்சு நிமிசத்துக்குள்ள எடுத்துப் பாத்திரலாம். ஒரு வருசம் பாத்துட்டு வாங்க, அப்புறம் தொலைநோக்கி தாரேன்" என்றேன். அவர் என்னையும் அலமாரியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏம்மா, நீங்க விக்கணும்னு உக்காந்திருக்கீயளா, விக்கக்கூடாதுன்னு உக்காந்திருக்கீயளா?"

பெட்டிமேல் சனி

ஒரு விற்பனைப் பிரதிநிதி வந்தார். கழுத்தில் டை, கையில் பளபளவென்று ஒரு பெட்டி. பெட்டிமேல் சனி கிரகம், பந்தி இலை அகலத்துக்கு, வளையமெல்லாம் தங்க நிறத்தில். உள்ளே இருந்தது பிளாஸ்டிக் குழாயும் குச்சி குச்சியாய் மூன்று காலும். கண் வைத்துப் பார்த்தேன். எதிர்ச் சாரியில் இருந்த ஜவுளிக்கடைப் பலகை ஊதா விளிம்பு கட்டித் தெரிந்தது. காலைத் தொட்டேன், பலகை ஆடியது. விரலை எடுத்தபிறகும் ஆடிக்கொண்டே இருந்தது.

"பெட்டியில் இருக்கிற சனி இதில் தெரியுமா?" என்று கேட்டேன். சிரித்தார். இதை வாங்குகிற பிள்ளை ஒரு ராத்திரி பார்த்துவிட்டு, வானத்தில் ஒன்றுமே இல்லை என்று முடிவு கட்டிப் பரணில் போட்டுவிடும், அந்தப் பாவம் எனக்கு வேண்டாம் என்றேன். அப்படியானால் பக்கத்துத் தெருக் கடைக்குக் கொடுத்துவிடுவேன் என்றார். கொடுங்கள் என்றேன். வாசல்வரை போனவர் திரும்பி வந்து, உண்மையிலேயே எனக்காக வருத்தப்பட்டுச் சொன்னார்:

"மேடம், பெட்டிக்குள்ள இருக்கிறத யாரு பாக்கா? பெட்டியத்தான் பாக்காங்க."

காற்று

இலத்தூர்ப் பொறியாளர் ஒருவர் இணையத்தில் ஒரு தொலைநோக்கி வாங்கிவிட்டு, அதைப் பூட்டத் தெரியாமல் என்னைக் கூப்பிட்டார். மொட்டை மாடியில் உயரமான முக்காலி. அதன்மேல் பல்சக்கரமும் எடைக்குண்டும் வைத்த தலை. அந்தத் தலை துருவ நட்சத்திரத்தைப் பார்த்து நிற்க வேண்டும், அப்போதுதான் நட்சத்திரங்கள் நகர நகரக் கூடவே திரும்பும். நம் ஊரில் துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து ஒன்பது டிகிரியில் கிடக்கிறது. அவர் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் அந்த ஒன்பது டிகிரியில் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி இருந்தது.

அது போகட்டும் என்றால், ஆடி மாதம். சாரல் விட்ட சாயங்காலம் ஒன்றில், செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று ஓங்கி அடித்தது. சுவாதி நட்சத்திரத்தைப் பிடித்துக் காட்டினேன். அது கண்ணுக்குள்ளே கோலம் போட்டது. மனிதர் முகம் வாடிவிட்டது. ஆசைப்பட்டு வாங்கினவர், பாவம். "குப்பையில போடச் சொல்லுதீங்களா?" என்று கேட்டார். "காத்து இல்லாத தை மாசத்துக்கு வச்சுக்கோங்க. காத்துக்கு வேற ஒண்ணு செஞ்சு தாரேன்" என்றேன்.

எனக்கு மரவேலை செய்து தருகிறவர் முருகையா அண்ணாச்சி. கதவு ஜன்னல் செய்கிறவர். தரையோடு தரையாய் உட்காரும் ஒட்டுப்பலகைப் பெட்டி, அதில் பீரங்கி மாதிரி சாய்ந்து கிடக்கும் குழாய், கையால் தள்ளினால் திரும்பும். டாப்சோனியன் என்று பெயர். உலகம் பூராவும் வானம் பார்க்கிறவர்கள் அதிகமாக வைத்திருக்கும் சாமான்களில் இது ஒன்று. செலவெல்லாம் கண்ணாடிக்கே போகும், காலுக்கும் சக்கரத்துக்கும் போகாது. அந்த மாடியில் அதை இறக்கி வைத்தோம். காற்று அதே காற்றுதான். நட்சத்திரம் ஆணி அடித்த மாதிரி நின்றது. முருகையா அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பொறியாளரிடம் சொன்னார்:

"ஆட்டுக்கல்லு மாரி உக்காரணும் சார். மூணு கால்ல நிக்கிறது எதுவும் நம்ம ஊரு காத்துக்குத் தாங்காது."

சோதனைச் சாவடி

கேரளத்துக்காரர் ஒருவர் கேட்ட எட்டு அங்குல வாய்க் குழாயை ஏற்றிக்கொண்டு நானும் முருகையா அண்ணாச்சியும் லோடு ஆட்டோவில் எல்லைப் பக்கம் போனோம். ஆளுயரத்தில் பாதிக்கு மேல் நீளம், கறுப்புக் குழாய். நிறுத்தாமல் இருப்பார்களா? தொலைநோக்கி என்றேன். "முன்னால கண்ணாடியே இல்லையே, எங்களுக்குத் தெரியாதாக்கும்?" என்றார் காவலர். முன்னால் லென்ஸ் கிடையாது, குழாயின் அடியில் முகம் பார்க்கிற கண்ணாடி மாதிரி, குழி விழுந்த கண்ணாடி ஒன்று இருக்கிறது, இந்த அகலத்துக்கு லென்ஸ் போட்டால் வீட்டை விற்க வேண்டும், கண்ணாடியில் செய்தால் ஒரு புறம் மட்டும் தேய்த்தால் போதும், அதனால்தான் பெரிசு வேண்டும் என்கிறவர்கள் எல்லாம் இதற்கு வருகிறார்கள் என்று நடுரோட்டில் நின்று வகுப்பெடுத்தேன்.

அவர் குழாய்க்குள் தலையைக் கொடுத்தார். ரொம்ப நேரம் தலையை வெளியே எடுக்கவில்லை. எடுத்தபோது முகம் மாறியிருந்தது.

"உள்ள என் மீசை மட்டுந்தான் இருக்கு, மலை மாரி. எடுத்துட்டுப் போங்கம்மா."

சொன்னதைக் கேட்காத கம்ப்யூட்டர்

கடையநல்லூர் ஹனீபா அண்ணன் விடுமுறைக்கு வந்தபோது வளைகுடாவிலிருந்து கம்ப்யூட்டர் வைத்த தொலைநோக்கி கொண்டுவந்தார். குட்டையாய், குண்டாய், அழகான சாமான். லென்ஸும் உண்டு, கண்ணாடியும் உண்டு. பெயரை அமுக்கினால் அதுவே தேடிப் போய் நிற்கும், கூடவே நகரும். படம் எடுக்கிறவர்களும் காரில் வைத்துத் தூக்கிக்கொண்டு போகிறவர்களும் இதைத்தான் விரும்புவார்கள். நான் குறை சொல்லவில்லை. ஆனால் அவர் "நிலா" என்று அமுக்கினால் அது முனகிக்கொண்டே திரும்பிக் குற்றாலத்து மலையைப் பார்த்து நின்றது. நிலா அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

கம்பெனிக்கு அனுப்ப வேண்டும் என்று புலம்பிக்கொண்டு வந்தார். அமைப்புகளைத் திறந்து பார்த்தேன். ஊரும் நேரமும் அவர் வேலை பார்த்த இடத்திலேயே இருந்தன. தென்காசி என்று மாற்றினேன். பொட்டிப் பாம்பாகத் திரும்பி நிலாவில் போய் நின்றது. ஹனீபா அண்ணன் அதன் தலையைத் தட்டினார்.

"நான் ஊருக்கு வந்து பத்து நாளாச்சு. இது இன்னும் அங்கனயே இருந்து டூட்டி பாக்கு பாருங்க."

வரிசையில் நின்ற பிள்ளை

இதை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதுகிறேன்.

ஒரு தனியார் பள்ளித் தாளாளர் வந்தார். பள்ளியில் அறிவியல் மூலை திறக்கப் போகிறார்கள், பத்துத் தொலைநோக்கி வேண்டும், அந்தப் பளபளப் பெட்டிதான் வேண்டும். அப்போது இரண்டு மாதமாகக் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தோம். பத்துக்குப் பதிலாக அதே செலவில் ஒரே ஒரு எட்டு அங்குலம் செய்து தருகிறேன், மாதம் ஒருமுறை நானே வந்து பிள்ளைகளுக்குக் காட்டுகிறேன் என்றேன். மேஜைக்கு அடியில் ரஹ்மத் என் காலை மிதித்தாள். "ஒண்ணு வச்சா மேடை காலியா இருக்கும்" என்றார் அவர். "பத்து வச்சா பிள்ளைக கண்ணு காலியா இருக்கும்" என்றேன். எழுந்து போய்விட்டார். பக்கத்துத் தெருவில் பத்தும் வாங்கினார். ரஹ்மத் அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. பேசாததற்குக் காரணம் உண்டு. அவள் மகள் நூரா அந்தப் பள்ளியில்தான் ஆறாம் வகுப்பு.

திறப்பு விழா ஒரு சாயங்காலம் நடந்தது. வியாழன் கிரகத்தைக் காட்டுகிறோம் என்று பிள்ளைகளை வரிசையாக விட்டிருக்கிறார்கள். மறுநாள் ரஹ்மத் மகளைக் கடைக்கு இழுத்துக்கொண்டு வந்தாள். "எல்லாருக்கும் தெரிஞ்சுது, எனக்கு மட்டும் தெரியல" என்று அந்தப் பிள்ளை அழுதிருக்கிறது. கண்ணில் கோளாறு, டாக்டரிடம் காட்டு என்று ஆசிரியை சொல்லிவிட்டார். எழுத்துப் பலகைக்கு எதிரே உட்கார வைத்தேன். கடைசி வரிவரைக்கும் கடகடவென்று படித்தாள்.  அன்று சாயங்காலம் ரஹ்மத்தே ஆறு அங்குலக் குழாயை ஒரு பக்கம் பிடித்து மாடிக்குத் தூக்கினாள். மகளை ஸ்டூலில் ஏற்றினாள். நூரா ரொம்ப நேரம் கண்ணை எடுக்காமல் பார்த்தாள். பிறகு, "வட்டத்துல ரெண்டு கோடு இருக்கு. பக்கத்துல நாலு புள்ளி வரிசையா நிக்கி" என்றாள். வியாழனின் மேகப் பட்டை இரண்டும், நாலு நிலாவும். நாங்கள் யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. ரஹ்மத் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"அந்த வரிசையில நின்ன அத்தன பிள்ளையும் பொய் சொல்லிருக்கு யக்கா. எம் மவ ஒருத்திதான் நிசத்தச் சொல்லிருக்கா."

பில் என் பெயரில்

போன மாதம் ஒரு பெண் வந்தாள். முப்பது வயது இருக்கும். கையில் போன், போனில் வீடியோ அழைப்பு, அழைப்பில் கணவர். அவர் ரியாத்தில் இருக்கிறார். இரண்டு வருடமாகப் பைனாகுலரில் பார்க்கிறாளாம். ஓரியன் நெபுலா என்கிற ஒளிமேகம் எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்கவில்லை, எனக்குச் சொன்னாள். ஆறு அங்குல டாப்சோனியனைத் தள்ளிப் பார்த்தாள், குனிந்து பெட்டியின் ஆணியைக்கூடச் சோதித்தாள். "இதுதான். பில்லு எம் பேருல போடுங்க" என்றாள்.

கணவருக்குப் பொறுக்கவில்லை. நல்ல மனிதர், அக்கறையில்தான் சொன்னார். "கம்ப்யூட்டர் உள்ளத வாங்கு. பட்டனை அமுக்கினா அதுவே காட்டும். இதுல நீ எப்பிடித் தேடுவ? உன்னால முடியாது" என்றார். கடையில் இருந்த நாலு பேரும் காது கொடுத்தார்கள். விற்கிற நான்தான் பதில் சொல்ல வேண்டும், வாயைத் திறந்தேன். அவள் கையை நீட்டி என்னை நிறுத்தினாள். போனை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டாள்.

"மச்சான், நீங்க தங்கியிருக்க எடத்தையே மேப்புல நானாத்தான் தேடிக் கண்டுபிடிச்சேன். சனியைக் கண்டுபிடிக்க மாட்டனாக்கும்?"

இந்தக் கடையில் நான் விற்றதைவிட விற்க மறுத்ததே அதிகம் என்றாலும், கடையை இழுத்து மூடச் சொல்லி வானத்திலிருந்து இதுவரை எந்த உத்தரவும் வரவில்லை.