போஞ்சிப் பாத்திக்கு அடைத்த தண்ணீர்

ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் ஓடும் ஓடையை அளப்பதற்காக, கண்டியிலிருந்து துரை ஒருவர் வாரத்துக்கு ஒருமுறை வருவார். மற்ற நாட்களில் அந்த ஓடைக்கு நான்தான் பொறுப்பு. ஓடைக்குக் குறுக்கே ஒரு பலகையை நிறுத்தி, அதன் நடுவில் முக்கோணமாக வாய் வெட்டியிருந்தார்கள். அந்த வாயில் தண்ணீர் எவ்வளவு உயரத்தில் போகிறதென்று காலையும் மாலையும் பார்ப்பேன். பிறகு சரிவில் ஏறி இரும்புக் குழாயை அடித்து இறக்கி, அதற்குள் வரும் மண்ணைத் தகர டப்பிகளில் அடைப்பேன். துரை அதை ஈரத்தோடு ஒருமுறையும் காயவைத்து ஒருமுறையும் நிறுப்பார். மழையே இல்லாத மாதங்களிலும் ஓடை வற்றாமல் ஓடுகிறதே, மேட்டு மண்ணில் தங்கிய ஈரம்தான் மெல்ல மெல்ல இறங்கி வருகிறதா என்பது அவருடைய கேள்வி.

தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவனுக்கு இது பெரிய வேலை. பலகைக்கு மேலே யாரும் தண்ணீரில் கைவைக்கக் கூடாது என்று துரை சொல்லியிருந்தார். நான் அதை அப்படியே பிடித்துக்கொண்டேன்.

பலகைக்கு மேலே, ஓடை வளையும் இடத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பெண் ஒருத்தி காய்க்காகப் போஞ்சிக் கொடி போட்டிருந்தாள். அவள் புருஷன் நெஞ்சு நோயில் படுத்து வேலைக்குப் போகாமல் கிடந்தான். அந்தப் பாத்திதான் அவர்களுக்குப் பாதிச் சோறு. பிளந்த மூங்கிலை ஓடையில் வைத்துப் பாத்திக்குத் தண்ணீர் விட்டிருந்தாள். நான் மூங்கிலை எடுத்துப் போட்டுவிட்டு, பாத்தியின் வாயைக் களிமண்ணால் அடைத்தேன்.

மறுநாள் மூங்கில் மறுபடி ஓடையில் இருந்தது. அவளும் பக்கத்தில் நின்றாள்.

"என்னாண்ணே, ஆத்துக்குக் காவலா? யாராச்சும் சுருட்டிட்டுப் போயிருவாங்கன்னு தொரை பயப்படுறாரா?"

"தண்ணியில கை வைக்கக் கூடாதாம் தங்கச்சி."

"நான் எங்க கைய வச்சேன்? மூங்கிலத்தானே வச்சேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் மூங்கிலை எடுத்துவிட்டேன். அவள் குரல் இறங்கியது.

"தொரைகிட்ட ஒரு வார்த்த கேளுங்கண்ணே. பூ வச்சிருக்கு. இப்ப காஞ்சா அவ்வளவுதான்."

கேட்கிறேன் என்றேன். துரை வந்த அன்று டப்பிகளை ஏந்திக்கொண்டு பகல் முழுவதும் அவர் பின்னால் நடந்தேன். பெரியவர்கள் முன்னால் எனக்கு நாக்கு எழாது. ஏதாவது கேட்கப் போனால், கேட்டதே பிழையாகிவிடும் என்று தோன்றும். அவர் மோட்டார் ஏறிப் போய்விட்டார். மாலையில் அவள் வந்து கேட்டபோது, "முடியாதுன்னுட்டாரு" என்று சொன்னேன். கேட்கவில்லை என்று சொல்வதைவிட அது சுலபமாக இருந்தது.

அதற்குப் பிறகு அவள் மூங்கில் வைக்கவில்லை. குடத்தில் எடுக்கவும் பயந்தாள். பூ உதிர்ந்தது, கொடி கம்பிலேயே சருகானது. நான் தினமும் அதைத் தாண்டித்தான் மண் எடுக்கப் போனேன்.

சில வாரம் கழித்து, நான் மேலே மண் எடுக்கும் இடத்தையும் பார்க்க வேண்டுமென்று துரை முதல்முறையாக அந்த வளைவுக்கு வந்தார். அவள் கொழுந்தெடுக்கப் போயிருந்தாள். காய்ந்த பாத்தியையும் களிமண் அடைப்பையும் பார்த்துவிட்டு, தோட்டங்களில் கற்ற தமிழில் கேட்டார்.

"இது யார் அடைச்சது?"

"நான்தாங்க. தொரை சொன்னீங்க..."

"இங்க போஞ்சித் தோட்டம் இருக்குன்னு எனக்கு யார் சொன்னது? இந்தத் தண்ணி மண்ணுக்குள்ள போயி எப்ப திரும்ப ஆத்துக்கு வருது? அதைப் பாக்கத்தானே நான் வந்தது. கேட்டிருந்தா விடச் சொல்லியிருப்பேன்."

அவர் கோபப்படவில்லை. அடைப்பை உடைத்து மூங்கிலைத் திரும்ப வைத்து, எவ்வளவு தண்ணீர் போகிறதென்று வாளியால் அளக்கச் சொன்னார். அளந்தேன். காய்ந்த மண் சத்தத்தோடு உறிஞ்சியது. அன்று பகல் முழுவதும் பாத்திக்குக் கீழே மண் எடுக்கும்போதெல்லாம் டப்பி கொஞ்சம் கொஞ்சமாகக் கனத்து வந்தது. துரைக்கு அதில் அவ்வளவு சந்தோஷம்.

அன்று மாலை அவள் தண்ணீர் ஓடுவதைப் பார்த்து நின்றாள்.

"திரும்பவும் போய்க் கேட்டீங்களாண்ணே?"

நான் குனிந்து மூங்கிலைச் சரிசெய்தேன்.

"தொரைக்கு ஒரு மாசம் முந்தி மனசு எறங்கியிருக்கலாம். நீங்க என்னா பண்ணுவீங்க, எனக்காக ரெண்டு தடவ கேட்டீங்களே."

ஓடையை ஒட்டி நின்ற இரண்டு மூன்று கொடிகள் மட்டும் பிழைத்திருந்தன. அவற்றில் இருந்த காய்களைப் பறித்து முந்தானையில் போட்டுக்கொண்டு வந்தாள். வீட்டில் நோயாளி இருக்கிறாரே, வேண்டாம் என்றேன்.

"புடிங்கண்ணே. எங்களுக்காக வாய தொறக்க வேற யாரு இருக்கா?"

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். வேகவைத்துச் சோற்றோடு தின்றேன்.